சிறந்தது எது என்னும் கணக்கு

(மாட்டுங்காவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோரும் இசை பாடுவோரும் ஏறுதல் வழக்கம். கணக்கு ஆசிரியர் ஒருவரை ஏற்றி, கணக்கைப் பற்றியே பேசுக என்று பணித்திருப்பது நம் சங்கத்தின் துணிவைக் காட்டுகிறது. இவ்வுரைக்குப் பின் குழந்தைகளின் நாட்டியமும் இளைஞர்களின் நாடகமும் காத்திருக்கின்றன. கேட்போர் பொறுமையின் எல்லையை அறிந்து பேசுதலே பேச்சாளர்க்கு அழகு. எல்லைக்கு உட்பட்டு இயன்ற நன்மையைத் தேடுதல் என்பதே இன்றைய நம் பொருளுமாதலின், அவ்வெல்லையை மதித்தே தொடங்குகிறோம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது நம் காலனி அன்பர் ஒருவர் எம்மைக் கண்டு நின்றார். அவருடைய மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். விருப்பப் பாடமாக ‘ஆப்டிமைசேஷன்’ என்பதை எடுக்கப்போவதாக வீட்டில் கூறினாளாம். “ஐயா, பெயரே எமக்குப் புரியவில்லை. இதில் என்ன கற்பிக்கிறார்கள்? இதைப் படித்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா?” என்று அவர் வினவினார். அவர் வினவிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அருகில் நின்ற அவருடைய முதிய தாயார், கையிலிருந்த ஒரு நோட்டுக்குள் இரண்டு நாள் சாம்பாருக்கும் ஒரு நாள் கூட்டுக்கும் ஒரு நாள் பொரியலுக்கும் காய் தேர்ந்துகொண்டிருந்தார். முருங்கையை எடுத்தார், விலையைக் கேட்டு வைத்தார், பூசணிக் கீற்று ஒன்றை எடுத்தார், மிச்சத்துக்குக் கொத்தமல்லி கேட்டார். மகன் கேட்ட வினாவுக்குத் தாய் செயலால் விடை கூறிக்கொண்டிருந்தார். அவ்விடையைச் சற்று விரித்துக் கூறுவதே இவ்வுரை.

மாட்டுங்காவில் வாழும் நமக்குக் கல்லூரி புதிதன்று. 1887-இல் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது. இன்று வீரமாதா ஜீஜாபாய் பெயரால் வழங்குகிறது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கல்வி இன்று தனி நிறுவனமாக இங்கேயே விளங்குகிறது. 1937-இல் ரூயா கல்லூரி எழுந்தது. 1958-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. வடக்கே பவாயில் இருக்கிறது, அங்கே தொழிலகப் பொறியியலும் செயல்முறை ஆய்வும் சேர்ந்த தனிப் பிரிவே உண்டு. இக்கல்விக் கூடங்களுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகள் இப்பாடத்தை ஏதேனும் ஒரு வகையில் சந்திக்கவே செய்வர். ஆதலின் பெற்றோரும் அதன் தன்மையை அறிந்திருத்தல் நன்று.

பாடத்தின் பொருள்

‘ஆப்டிமைசேஷன்’ என்பதைத் தமிழில் உகப்பாக்கம் என்பர் சிலர். உகந்ததைத் தேர்தல் என்பது அதன் கருத்து. பருவத் தொடக்கத்தில் ஆசிரியர் மாணவர்க்கு மூன்று வினாக்களைக் கற்பிப்பார். உன் விருப்பத்தால் முடிவு செய்யக்கூடியவை யாவை? நீ மீறலாகாத எல்லைகள் யாவை? எது கூட வேண்டும், அல்லது எது குறைய வேண்டும் என்று விரும்புகிறாய்? முதலாவதை மாறிகள் என்றும், இரண்டாவதைக் கட்டுப்பாடுகள் என்றும், மூன்றாவதைக் குறிக்கோள் என்றும் பாடநூல்கள் கூறும். இம்மூன்றையும் பிழையின்றி எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. மறு பாதியை இக்காலத்தில் கணிப்பொறி செய்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தீபாவளிக்கு முறுக்கும் தட்டையும் செய்து விற்கும் நம் காலனித் தாய் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் 24 கிலோ பலகாரத்துக்குப் போதுமான மாவு இருக்கிறது. அடுப்பு ஒன்றே, அது 10 மணி நேரம், அதாவது 600 நிமிடம் எரியலாம். ஒரு கிலோ முறுக்கு வெந்தெடுக்க 30 நிமிடமும், ஒரு கிலோ தட்டைக்கு 20 நிமிடமும் ஆகின்றன. முறுக்கில் கிலோவுக்கு 100 ரூபாயும் தட்டையில் 80 ரூபாயும் ஆதாயம். எத்தனை கிலோ முறுக்கு, எத்தனை கிலோ தட்டை செய்தால் ஆதாயம் மிகும்?

முறுக்கில் ஆதாயம் மிகுதி. ஆகவே முறுக்கையே செய்வோம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் 20 கிலோவில் அடுப்பு நேரம் தீர்ந்துவிடும். 4 கிலோவுக்கான மாவு வீணே நிற்கும். ஆதாயம் 2,000 ரூபாய். தட்டையையே செய்தாலோ 24 கிலோவில் மாவு தீரும். அடுப்பு 2 மணி நேரம் சும்மா இருக்கும். ஆதாயம் 1,920 ரூபாய். முறுக்கு 12 கிலோ, தட்டை 12 கிலோ செய்தால் மாவும் தீரும், அடுப்பு நேரமும் தீரும். ஆதாயம் 2,160 ரூபாய். இதனினும் மிகுந்த ஆதாயம் இவ்வெல்லைகளுக்குள் இல்லை. வரைபடத் தாளில் மாவின் எல்லையை ஒரு கோடாகவும் அடுப்பின் எல்லையை மற்றொரு கோடாகவும் இழுத்துப் பார்த்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் மூலையிலேயே இவ்விடை நிற்பதைக் காணலாம். இத்தகைய நேர்கோட்டுக் கணக்குகளில் சிறந்த விடை உண்டாயின், அது எப்போதும் ஏதேனும் ஒரு மூலையில் கிடைக்கும். இதுவே இப்பாடத்தின் முதற் பெரும் உண்மை.

இனி வருவது அதனினும் இனியது. அத்தாய்க்கு அடுத்த வீட்டு அடுப்பு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எவ்வளவு வாடகை கொடுக்கலாம்? கணக்கை மீண்டும் போட்டால் முறுக்கு 18 கிலோவும் தட்டை 6 கிலோவும் என்று விடை வரும். ஆதாயம் 2,280 ரூபாய். அதாவது அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு 120 ரூபாய். நூறு ரூபாய் வாடகை என்றால் வாங்கலாம். நூற்றைம்பது என்றால் கும்பிட்டுவிட்டு வரலாம். இரண்டாம் மணி நேரத்துக்கும் அதே மதிப்பு உண்டு. மூன்றாம் மணி நேரத்துக்கோ ஒரு காசு மதிப்பும் இல்லை. அதற்குள் மாவு முழுவதும் முறுக்காகிவிட்டிருக்கும். இவ்வாறே, அடுப்பு நேரம் பழையபடி இருக்கையில் ஒரு கிலோவுக்கான மாவு கூடுதலாகக் கிடைத்தால் அதன் மதிப்பு 40 ரூபாய். ஓர் எல்லையைச் சிறிது தளர்த்தினால் கிடைக்கும் நன்மைக்கு நிழல் விலை என்று பெயர். கடையில் எழுதி ஒட்டாத விலை இது. எல்லைக்குள் மறைந்து நிற்கும் விலை. எந்தத் தட்டுப்பாடு நம்மை உண்மையில் இறுக்குகிறது, எது வெறும் தோற்றம் என்பதை இந்நிழல் விலை காட்டிக்கொடுக்கும்.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்றனர் நம் முன்னோர். அளக்கும் பழக்கம் நம் வீடுகளில் என்றும் உண்டு. மாதச் சம்பளத்தை முதல் தேதியில் உறைகளாகப் பிரித்து, வாடகைக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று, ஊருக்கு அனுப்ப ஒன்று என்று வைத்த தாய்மார் இவ்வவையிலேயே பலர் இருக்கின்றனர். அவர்கள் கட்டுப்பாடு, குறிக்கோள் என்ற சொற்களைக் கேட்டதில்லை, பொருளை அறிவர்.

இக்கலை தோன்றிய வரலாறு

மனத்தால் போடும் இக்கணக்கு மாறிகள் இரண்டாக இருக்கும்வரை எளிது. இருநூறானால் மனிதர் திணறுவர். எழுபது பேரை எழுபது வேலைகளில் அமர்த்த வேண்டும். ஆளுக்கு ஒரு வேலை என்று கொள்ளுங்கள். அமர்த்தும் வழிகளின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின் நூறு பூச்சியம் இட்ட எண்ணினும் பெரிது. ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க எந்தக் கணிப்பொறிக்கும் இயலாது. ஆகவே சோதிக்காமலே சிறந்ததை அடையும் வழி வேண்டியதாயிற்று.

1938-இல் ரஷ்ய நாட்டு லெனின்கிராடில் கந்தரோவிச் என்னும் இளங் கணித அறிஞரிடம் ஒட்டுப்பலகை ஆலையினர் வந்தனர். எட்டு இயந்திரங்களும் ஐந்து வகை மரங்களும் உள்ளன. எதை எதில் இட்டால் விளைவு மிகும் என்று கேட்டனர். அவர் அதற்கு வழி கண்டார். பிற நாட்டினர்க்கு அது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1947-இல் அமெரிக்க விமானப் படையின் திட்டப் பணியில் இருந்த டான்ட்சிக் என்பார் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார். ஒரு மூலையில் நின்று, அடுத்த மூலை இதனினும் நன்றா என்று பார்த்து, நன்றாயின் அங்கே நகர்ந்து, நகர வேறிடம் இல்லாதபோது நிற்பது அம்முறை. மலையேறுபவன் ஒவ்வோர் அடியிலும் மேட்டை நோக்கியே கால் வைப்பது போன்றது இது. 1975-இல் கந்தரோவிச்சும், இத்துறையில் உழைத்த கூப்மன்ஸும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். டான்ட்சிக் பெறவில்லை என்பது இத்துறையினர் இன்றும் பேசும் செய்தி.

உணவைப் பற்றிய ஒரு கணக்கும் இவ்வரலாற்றில் புகழ் பெற்றது. தாய்மார்க்கு அது சுவைக்கும் என்று நம்புகிறோம். ஒரு மனிதர் உடல் நலத்தோடு வாழ ஓர் ஆண்டுக்கு வேண்டிய சத்துக்களை மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று ஸ்டிக்லர் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்தார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துக்கள். 1945-இல் அவர் வெளியிட்ட விடை, 1939-ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுக்கு 39 டாலர் 93 சென்ட். முறையாக அன்றி, நுட்பமான ஊகத்தால் கண்ட விடை அது. 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையைச் சோதிக்க இதே கணக்கை எடுத்தனர். ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு போட்டனர். உழைப்பு மொத்தம் 120 ஆள்-நாள் ஆயிற்று. கிடைத்த விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட் அளவே பிசகியிருந்தது.

விடை சரிதான்; உணவு எது தெரியுமோ? ஸ்டிக்லரின் பட்டியலில் இருந்தவை கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சிய டின் பால், முட்டைக்கோசு, பசலைக் கீரை, உலர்ந்த மொச்சை போன்ற ஒரு பயறு. ஆண்டு முழுவதும் இவையே. நம் வீட்டில் இரண்டாம் நாளே தட்டு பறக்கும். சுவை என்பது கணக்கில் எழுதப்படவில்லை. ஆதலின் விடையிலும் அது இல்லை.

பின்னர் 1950-களின் தொடக்கத்தில் டான்ட்சிக் தம் உடல் எடையைக் குறைக்க விரும்பி, கணிப்பொறியிடம் உணவுத் திட்டம் கேட்டார். வயிறு நிறைந்த உணர்வு மிக வேண்டும் என்று குறிக்கோள் எழுதி, நீர் நீக்கிய எடையை அதற்கு அளவாக வைத்தார். பட்டியலில் வினிகருக்கு நீர் இல்லை என்று இருந்தது போலும்; பல நூறு காலன் வினிகர் குடிக்குமாறு பொறி கட்டளையிட்டது. வினிகரை நீக்கியபின், நாள்தோறும் 200 சூப்புக் கட்டிகளைக் கரைத்துக் குடிக்கச் சொல்லிற்று. உப்புக்கு மேல் எல்லை எதுவும் அவர் எழுதவில்லை. உலகத்துக்கே வழி கண்ட அறிஞர் இறுதியில் தம் மனைவியார் வகுத்த திட்டத்தால்தான் எடை குறைந்தார் என்பது அவரே எழுதிய வரலாறு. சிரிக்கத்தக்க கதையாயினும் பாடம் பெரிது. பொறி நாம் எழுதியதைச் செய்யும். நாம் நினைத்ததை அறியாது.

நம் ஊரும் இக்கணக்கும்

இக்கலை நமக்குத் தொலைவில் உள்ளதன்று. 1952-இல் அமெரிக்காவில் விமானப் பெட்ரோலைக் கலக்கும் கணக்குக்கு இம்முறையைப் பயன்படுத்திக் காட்டினர். எந்தக் கச்சா எண்ணெயை எவ்வளவு வாங்குவது, பிரித்ததை எவ்வாறு கலப்பது என்பதை எண்ணெய் ஆலைகள் அன்றுமுதல் இக்கணக்கால் முடிவு செய்து வருகின்றன. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் 1954-இலும் 1955-இலும் எழுந்த இரு சுத்திகரிப்பு ஆலைகளை நாம் அறிவோம். பின்னர் நாட்டுடைமையாகி, இன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களால் விளங்குகின்றன. செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் சில அவ்வாலைகளின் ஊதியத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவை. 1957-இல் இந்தியச் செயல்முறை ஆய்வுச் சங்கமும் தோன்றிற்று.

இப்பாடத்தின் வரலாற்றில் பவாய்க்கும் ஓர் இடம் உண்டு. சிம்ப்ளெக்ஸ் முறை நடைமுறையில் விரைவாக ஓடினும், சில கணக்குகளில் எண்ணற்ற மூலைகளைச் சுற்றி அலையக்கூடும் என்று 1972-இல் காட்டினர். 1979-இல் ரஷ்ய அறிஞர் கச்சியான் வேறொரு முறையால் அக்குறையைக் கோட்பாட்டளவில் நீக்கினார். ஆயின் நடைமுறையில் அது மெதுவாக இருந்தது. பவாய் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பயின்று 1978-இல் பட்டம் பெற்ற நரேந்திர கர்மார்கர், அமெரிக்க பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்தபோது 1984-இல் புது வழி ஒன்றை வெளியிட்டார். மூலை மூலையாகச் சுற்றாமல், இடப்பரப்பின் உள்ளே புகுந்து சிறந்த விடையை நோக்கிச் செல்லும் வழி அது. இன்றைய பெருங்கணக்குகள் பல, அதனின்று கிளைத்த முறைகளால் தீர்க்கப்படுகின்றன. நம் பிள்ளைகள் பேருந்தேறிச் செல்லும் தொலைவில் உள்ள ஒரு கல்லூரியில் பயின்றவரே அவர் என்பதை அவர்கட்கு எடுத்துக் கூறுதல் வேண்டும்.

பாடத்தின் பிற பகுதிகளைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். பல கிடங்குகளிலிருந்து பல கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் போக்குவரத்துக் கணக்கு, ஆளுக்கு வேலை ஒதுக்கும் கணக்கு, பாதி லாரி, பாதி மனிதர் என்று விடை வராதபடி முழு எண்ணில் தீர்க்கும் கணக்கு, கோடுகள் வளைவாகும்போது சரிவைப் பார்த்து இறங்கும் முறை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறுதியில் கூறிய இச்சரிவு முறையே இன்று உலகம் வியக்கும் செயற்கை அறிவுப் பொறிகளைப் பயிற்றும் முறைக்கும் அடிப்படை. பிழை என்னும் ஒன்றைக் குறிக்கோளாக எழுதி, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போவதுதான் அப்பொறிகள் பெறும் பயிற்சி. கல்லூரியில் இப்பாடம் கிடைக்காத பிள்ளைகள், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஜி. சீனிவாசன் நிகழ்த்திய செயல்முறை ஆய்வு விரிவுரைகளை என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வழியாகக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

எம் பிழை

இனி எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் வேண்டும். கூற நாணமாக இருப்பினும், கூறாது விட்டால் இவ்வுரை அரைகுறையாகும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன் யாமும் நண்பர் இருவரும் சேர்ந்து, ஏழைத் தமிழ் மாணவர்க்குக் கட்டண உதவி செய்யச் சிறு நிதி ஒன்று திரட்டினோம். 12,000 ரூபாய் சேர்ந்தது. விண்ணப்பித்தோர் பதினாறு பேர். பன்னிருவர் பள்ளிப் பிள்ளைகள். ஒவ்வொருவர்க்கும் ஆயிரம் ரூபாய் வேண்டும். நால்வர் தொழிற்கல்வி பயில்வோர். கட்டணமும் கருவிகளும் சேர்த்து ஒவ்வொருவர்க்கும் மூவாயிரம் வேண்டும். மொத்தத் தேவை 24,000. கையில் இருந்ததோ பாதி.

வகுப்பில் உகப்பாக்கம் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. கணக்குப் போட்டே முடிவு செய்வோம், முகம் பார்த்துச் செய்யலாகாது என்று பெருமையோடு கூறினோம். மிகப் பல பிள்ளைகள் பயன் பெற வேண்டும் என்று குறிக்கோள் எழுதினோம். விடை உடனே வந்தது. பன்னிரு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தால் பன்னிருவர் பயன் பெறுவர். இதனினும் மிகுந்த எண்ணிக்கை இல்லை. நால்வர்க்கும் இல்லை என்று கடிதம் அனுப்பினோம். எம் கணக்கில் ஒரு கூட்டல் பிழையும் இல்லை.

மறு ஞாயிறு காலையில் தாராவியிலிருந்து ஓர் அம்மையார் எம் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இட்டலி அவித்து விற்றுப் பிழைப்பவர். அந்நால்வருள் ஒருவன் அவருடைய மகன். அமரச் சொல்லியும் அமரவில்லை. “ஐயா, குறைவாய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்ததாம். எங்களுக்கு அதிகம் வேண்டியிருந்ததனால்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்றோ?” என்று கேட்டார். வேறொன்றும் கூறவில்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காப்பியும் குடியாமல் போய்விட்டார்.

எத்தனையோ தேர்வுத் தாள்களைத் திருத்திய எமக்கு அன்று எம் தாளை ஒருவர் திருத்தினார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. எண்ணிக்கை மிக வேண்டும் என்று எழுதியபோதே, எவருக்குத் தேவை மிகுதியோ அவரை முதலில் நீக்குக என்றும் எழுதிவிட்டோம். ஒரு தொழிற்கல்வி மாணவனைச் சேர்த்தால் மூன்று பள்ளிப் பிள்ளைகள் போவர். எண்ணிக்கையில் இரண்டு குறையும். அவ்வளவுதான் பொறிக்குத் தெரியும். தலைகளை எண்ணச் சொன்னோம். அது தலைகளை எண்ணிற்று.

அன்று மாலையே மூவரும் கூடினோம். இம்முறை ஒரே விடையைத் தேடவில்லை. நால்வருள் எவரும் வேண்டாம் என்றால் பன்னிருவர். ஒருவர் என்றால் மொத்தம் பதின்மர். இருவர் என்றால் எண்மர். மூவர் என்றால் அறுவர். நால்வரும் என்றால் அந்நால்வர் மட்டுமே. இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தோம். எதைத் தேர்ந்தாலும் ஒரு குழந்தையின் முகத்தில் அடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நிழல் விலை நினைவுக்கு வந்தது. இக்கணக்கில் எம்மை இறுக்கும் எல்லை பன்னீராயிரம் என்னும் எண். அது மலையோ கடலோ அன்று. யாம் திரட்டி நிறுத்திய எண். ஆயிரம் ரூபாய் மிகுதியாகக் கிடைத்தால் ஒரு பள்ளிப் பிள்ளை. மூவாயிரம் கிடைத்தால் ஒரு தொழிற்கல்வி மாணவன்.

அத்தாளையே எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் காலனி காலனியாக ஏறி இறங்கினோம். பொதுவாக நன்கொடை தாருங்கள் என்று கேட்கவில்லை. தாளைக் காட்டி, இவ்வளவு தந்தால் இந்த வரியிலிருந்து அந்த வரிக்குப் போகலாம் என்று கூறினோம். மேலும் ஒன்பதாயிரம் சேர்ந்தது. மூவாயிரம் குறைந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டி நிலையைக் கூறியபோது, மூன்று குடும்பத்தார் தாமாகவே எழுந்து, தாங்கள் இரண்டாம் பருவம் வரை பொறுத்துக்கொள்வதாக இசைந்தனர். நால்வர்க்கும் ஒன்பதின்மர்க்கும் உடனே கொடுத்தோம். பொறுத்திருந்த மூவருள் இருவர்க்கே பின்னர் எம்மால் கொடுக்க இயன்றது. ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. அந்தத் தந்தை அதைப் பற்றி எம்மிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எம் மனம் சற்று ஆறியிருக்கும்.

இளைஞர்க்கும் பெற்றோர்க்கும்

இளைஞர்களே! இப்பாடத்தைக் கற்று நீங்கள் வேலைக்குச் செல்வீர்கள். உங்கள் முன் ஒரு திரை இருக்கும். அதில் ஆயிரம் மாறிகள் இருக்கும். உணவுப் பொட்டலம் சுமந்து மழையில் இருசக்கர வண்டியில் ஓடும் பிள்ளை எந்த வழியில் எத்தனை நிமிடத்தில் செல்ல வேண்டும் என்பதும், மருத்துவமனையில் எந்தச் செவிலிக்கு எந்த இரவுப் பணி என்பதும், எவருக்குக் கடன் கிடைக்கும் என்பதும் இன்று இக்கணக்கால் முடிவாகின்றன. நேரம் குறைய வேண்டும் என்று மட்டும் எழுதினால் நேரம் குறையும். அப்பிள்ளை மூச்சு வாங்கும் நேரமும் அதோடு குறையும். அவர் நின்று ஒரு தேநீர் குடிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாடாக எழுத வேண்டியவர் நீங்கள். உங்கள் மேலதிகாரி அதன் விலை என்ன என்று கேட்பார். அவ்விலையைக் கணக்கிட்டுக் கூறவும் இப்பாடமே உங்களுக்குக் கற்றுத் தரும். இரக்கத்தைப் பேச்சாகக் கூறினால் கூட்டத்தில் எவரும் குறித்துக்கொள்ளமாட்டார். ஒரு நிபந்தனையாகவும் அதற்குரிய தொகையாகவும் எழுதி வைத்தால் அதற்கு மறுமொழி கூறியே ஆக வேண்டும்.

விடை வந்தவுடன் மகிழாதீர்கள். அவ்விடையில் எவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒருமுறை தேடுங்கள். அவர்களுள் ஒருவரையேனும் நேரில் கண்டு பேசுங்கள். எமக்கு அந்த அம்மையார் தாமே வந்து கூறினார். எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

பெற்றோர்களே! நம் அன்பரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இப்பாடத்தால் சோறு கிடைக்குமா என்றார். கிடைக்கும். ஆலைகளும் விமான நிறுவனங்களும் வங்கிகளும் கணிப்பொறி நிறுவனங்களும் இதை அறிந்தோரை நாடுகின்றன. உங்கள் பிள்ளை நேரியல் இயற்கணிதமும் நுண்கணிதமும் நன்கு கற்றிருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. ஆயின் பிள்ளையின் வருங்காலத்தையும் நாம் ஓர் உகப்பாக்கக் கணக்காகவே போட்டுவருகிறோம் என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் மிக வேண்டும், சம்பளம் மிக வேண்டும் என்று குறிக்கோளை நாமே எழுதிவிடுகிறோம். பிள்ளைக்கு அதில் எழுத ஒரு வரியேனும் விட்டிருக்கிறோமா? அன்பரின் மகள் இப்பாடத்தைத் தானே தேர்ந்தாள். அது ஒன்றே எமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கிறது.

அவள் முதல் வகுப்புக்குச் செல்லுமுன் தன் பாட்டியாரோடு ஒருநாள் மார்க்கெட்டுக்குச் சென்று வரட்டும். முருங்கையை ஏன் வைத்தீர்கள், பூசணியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கட்டும். தாத்தாவுக்குப் பல் இல்லை, ஆகவே முருங்கை வேண்டாம் என்று பாட்டி கூறக்கூடும். பாட்டியின் கணக்கில் விலைக்கு முன்னே தாத்தாவின் பல் எழுதப்பட்டிருக்கும். அதை எழுதக் கற்றுக்கொண்டு அவள் வகுப்புக்குச் செல்வாளாயின், ஆசிரியர் கற்பிக்கும் மற்றவை அனைத்தும் அவளுக்கு எளிதாகும்.

எல்லை மீறாது பேசினோம் என்று நம்புகிறோம். மீறியிருப்பின், பின்னே காத்திருக்கும் குழந்தைகள் எம்மைப் பொறுத்தருள்வார்களாக.